பின் அடிக்காத தாள்

“பேப்பர் படிக்கறதுக்கு எவ்ளோ வாங்குவீங்க மேடம்?” அந்த அக்கா என்னிடம் முதன்முதலாகக் கேட்டது இதுதான். ஒரு காலில் செருப்போடும் ஒரு காலை வெறுமனே தரையில் ஊன்றியும், உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நூலக வாசலில் நின்றிருந்தார். “ஒன்னும் வேணாம், வந்து உக்காந்து படிங்க” என்றேன். அவர் நம்பவில்லை. திருவண்ணாமலையில் செருப்பு விடக் காசு, குளிக்கக் காசு, கும்பிடவும்கூட ஒரு வரிசைக்குக் காசு. அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தி நாற்காலியைக் காட்டி சும்மா உட்காரு என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? கழற்றிய செருப்பைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். செருப்பு திருடுகிறவர்கள் நூலகத்துக்கு வரமாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். பேப்பர் மேஜையில் உட்கார்ந்திருந்த முகங்களைப் பார்த்ததும் சும்மா இருந்துவிட்டேன்.

அந்தக் கிளை நூலகத்தில் நான் சேர்ந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கும் கோயிலுக்கும் நடுவில் ஒரு தெரு. கீழே பாத்திரக்கடை, மாடியில் நாங்கள். நூலகத்தில் வேலை பார்க்கிறவள் என்றால் மெல்லப் பேசுவாள், அதிர்ந்து நடக்கமாட்டாள் என்று நினைக்கிறார்கள். எனக்கு வாய் ஜாஸ்தி. அதற்கு வேலையும் ஜாஸ்தியாகவே இருந்தது. காலையில் வருகிற பெரியவர்கள் ஒரே நாளிதழை நான்காகப் பிரித்து ஆளுக்கொரு தாளாக வைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் பார்த்தால் ஒரு தாள் மேஜைக்கு அடியில், ஒன்று ஜன்னல் கட்டையில், ஒன்று காணவே காணோம். “பிரிக்காதீங்கய்யா, பிரிக்காதீங்கய்யா” என்று கத்திக் கத்தித் தொண்டை வற்றி, கடைசியில் நானே ஒரு வழி பண்ணினேன். தினமும் கதவைத் திறந்ததும் மூன்று தமிழ் நாளிதழ்களையும் விரித்து, நடு மடிப்பில் மேலே ஒன்று கீழே ஒன்று என்று ஸ்டேப்ளர் பின் அடித்து, முதல் பக்கத்தில் தேதி முத்திரை குத்தி, அப்புறம்தான் மேஜையில் போடுவேன். பின் அடித்த பேப்பரைக் கிழிக்காமல் பிரிக்க முடியாது. பெரியவர்கள் ஒரு வாரம் என்னைத் திட்டினார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள்.

அந்த அக்கா கோயில் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் அறை கூட்டிக் கழுவுகிற வேலையில் இருந்தார். அறைகளைக் காலி செய்துவிட்டுப் போகிறவர்கள் கட்டிலில் போட்டுவிட்டுப் போகும் பேப்பரைத்தான் அதுவரை படித்திருக்கிறார். “அது நேத்து பேப்பரா இருக்கும், முந்தாநாளு பேப்பரா இருக்கும், பாதி பேப்பர்ல வடை எண்ணெய் இருக்கும்” என்றார். நூலகத்தில் இலவசமாகப் படிக்கலாம் என்று லாட்ஜ் வாட்ச்மேன் யாரோ சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து தினமும் பதினோரு மணிக்கு, அறை வேலை முடிந்த கையோடு, புடவை நுனி ஈரமாக, பினாயில் வாசனையோடு மாடியேறி வந்துவிடுவார். வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை என்பதை ஏற்றுக்கொள்ள அவருக்கு ரொம்ப நாள் ஆனது. “வெள்ளிக்கெழம மட்டும் ஊர்ல ஒன்னும் நடக்காதா?” என்று என்னிடம் சண்டைக்கே வந்தார்.

ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். அவர் தலைப்புச் செய்தி படிப்பதில்லை, சினிமாப் பக்கத்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆள்காட்டி விரலை வைத்து ஒவ்வொரு பக்கத்திலும் அடியில், மூலையில், விளம்பரத்துக்கு மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் நாலு வரிச் செய்திகளை மட்டும் தேடினார். அஞ்சாம் கிளாஸோடு நின்ற படிப்பு. எழுத்துக்கூட்டித்தான் படிக்க வேண்டும், ஆனால் சில சொற்களில் மட்டும் விரல் நிற்காமல் சட்டென்று ஓடிவிடும். ஒருநாள் என்னிடம் வந்து, “மதிக்கத்தக்கன்னா இன்னா மேடம்?” என்றார். எந்த வரியில் என்று பார்த்தேன். சுமார் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஆண் சடலம் என்று போட்டிருந்தது. அந்த வரியில் மற்ற எல்லாச் சொல்லும் அவருக்குத் தெரிந்திருந்தது. “பாத்தா அந்த வயசு இருக்கும்னு அர்த்தம்க்கா” என்று சொல்லிவிட்டு, வேலை இருப்பது மாதிரி புத்தக அலமாரிப் பக்கம் போய்விட்டேன்.

அவர் வீட்டுக்காரர் செங்கம் பக்கத்துக் கிராமத்தில் கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்தவர். ஒரு பௌர்ணமிக்கு ஊர்க்காரர்களோடு பஸ் ஏறிக் கிரிவலம் வந்தவர், கூட்டத்தில் பிரிந்து போனார். மற்றவர்கள் விடிகாலையில் ஊர் திரும்பினார்கள், இவர் திரும்பவில்லை. “சண்டகூட இல்ல. சண்ட போட்டிருந்தா அதுதான் காரணம்னு நெனச்சுக்கலாம். போறதுக்கு முன்னாடி மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுத்தான் போனாரு” என்பார். போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். சாமியாராகப் போயிருப்பார் என்று ஊரில் சொன்னார்கள். இங்கே அது நடக்காத காரியமில்லை. எந்த ஊரிலிருந்தோ வீட்டைவிட்டு வந்து காவி கட்டிக்கொண்டு மலையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனையோ பேர். அக்கா நிலத்தை மச்சானிடம் குத்தகைக்கு விட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வந்து லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்தது புருஷனைத் தேடத்தான். கிரிவலப் பாதையில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு படுத்திருப்பவர்களின் காலைப் பார்த்துக்கொண்டே நடப்பாராம். வீட்டுக்காரருக்கு வலது காலில் இரண்டாவது விரல் கட்டைவிரல்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும், பிறவியிலேயே அப்படி. “மொகம் மாறிடும் கண்ணு. தாடி வெச்சா மாறிடும், பட்டினி கெடந்தா மாறிடும். காலு மாறாது” என்று ஒருநாள் சொன்னார். அன்றைக்குத்தான் என்னை முதல்முறையாகக் கண்ணு என்று கூப்பிட்டார். அதற்கப்புறம் நீ, வா, போதான்.

எங்கள் வாசலில் ஒரு போர்டு உண்டு. இங்கே என்னென்ன இலவசமாகக் கிடைக்கும் என்று பெயின்ட்டில் எழுதி வைத்தது. நாளிதழ், வார இதழ், பழைய இதழ்த் தொகுப்பு, கம்ப்யூட்டரில் இணையம், போட்டித் தேர்வுக்குத் தனி மேஜை என்று அது பாட்டுக்குப் போகும். அதைப் படித்தவர் எவரும் இல்லை. போட்டித் தேர்வுப் பிள்ளைகளுக்கு நாற்காலியும் ஃபேனும் போதும், பெரியவர்களுக்குப் பேப்பர் போதும். அந்தப் போர்டில் இருந்ததை ஒன்று விடாமல் கேட்டு வாங்கிக்கொண்டவர் எனக்குத் தெரிந்து அந்த அக்கா ஒருத்தர்தான். எடைக்குப் போடாமல் கட்டி வைத்திருந்த பழைய பேப்பர்களை ஒவ்வொரு கட்டாக அவிழ்த்து, அந்தப் பௌர்ணமி நாள்வரை பின்னோக்கிப் படித்து முடித்தார். கட்டை அவிழ்த்தால் தேதி மாறாமல் அடுக்கி, நான் கட்டுவதைவிட நன்றாகக் கட்டி வைப்பார். எங்களிடம் இல்லாத நாட்களுக்குப் பெரிய நூலகத்துக்குப் போன் போட்டுச் சொல்லி அனுப்பினேன். அங்கேயும் போய்ப் படித்தார்.

கம்ப்யூட்டர்தான் கொடுமை. அடையாளம் தெரியாத சடலங்களின் படங்களைப் போட்டிருக்கும் போலீஸ் பக்கத்தை நான் திறந்து கொடுப்பேன். அக்கா ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பக்கத்து நாற்காலியில் படித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு எழுந்து வேறு மேஜைக்குப் போய்விட்டார்கள். நான் கூடவே உட்கார்ந்திருப்பேன். முதலில் எனக்குக் குமட்டியது, பிறகு பழகிவிட்டது. அப்படிப் பழகியதைப் பற்றி எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது என்பதை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். நூலகர்கள் கூட்டத்தில் எழுந்து நின்று, எங்கள் வாசகி ஒருவர் நம் சேவைகளை எப்படிப் பயன்படுத்துகிறார் தெரியுமா என்று அக்கா கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கினேன். அந்தக் கைதட்டு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அக்காவுக்கு எது நல்லது, எது கெட்டது என்று எனக்குத் தெரியும் என்கிற நினைப்பு அங்கேதான் எனக்கு வந்திருக்க வேண்டும்.

அதற்கிடையில் மகளுக்கு வரன் அமைந்தது. பையன் ஆரணிப் பக்கம், நல்ல வேலை. மாப்பிள்ளை வீட்டார் விசாரித்தபோது, அப்பா சாமியாராகப் போய்விட்டார் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த மாவட்டத்துக்காரர்கள் என்பதால் அதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பையனின் அம்மா மட்டும், “உயிரோட இருக்காரில்ல? அது போதும்” என்றாளாம். அக்கா அதைச் சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, “இருக்காரா கண்ணு? நீதான் எல்லாம் படிச்சவளாச்சே, சொல்லு” என்றார். அழைப்பிதழில் அப்பா பெயரை, முன்னால் ‘திரு’ என்றோ ‘அமரர்’ என்றோ எதுவும் சேர்க்காமல் அடித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம்.

அதற்கு முந்தின வியாழக்கிழமை காலை, வழக்கம்போலக் கதவைத் திறந்து, ஃபேனைப் போட்டு, பின் அடிப்பதற்காக முதல் நாளிதழை விரித்தேன். அடிக்கும் முன் அடி மூலைகளை நானும் ஒரு பார்வை பார்ப்பது பழக்கமாகிவிட்டிருந்தது. ஐந்தாம் பக்கத்தில் இருந்தது. ஊருக்கு வெளியே ஒரு ஏரியில் ஆண் சடலம், வயது ஐம்பத்தைந்து மதிக்கத்தக்கது, காவி வேட்டி, இடது புருவத்துக்கு மேல் வெட்டுத் தழும்பு. அக்கா வீட்டுக்காரருக்கு இடது புருவத்துக்கு மேல் மாடு முட்டிய தழும்பு உண்டு. எத்தனை தரம் கேட்டிருக்கிறேன் அந்தத் தழும்பைப் பற்றி! இரண்டாவது பேப்பரைப் புரட்டினேன். அதிலும் அதே செய்தி. மூன்றாவதில் இல்லை.

அன்றைக்கு என் தலைக்குள் ஓடியதை இன்றும் வரி மாறாமல் சொல்ல முடியும். இன்னும் மூன்று நாளில் கல்யாணம். இதை அக்கா பார்த்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். அவர்தான் என்று தெரிந்தால் தீட்டு, கல்யாணம் நின்றுபோகும். மாப்பிள்ளை வீட்டார் திரும்ப வருவார்களா? அந்தப் பெண்ணின் கதி என்ன? போனவர் எப்படியும் போய்விட்டார், மூன்று நாள் கழித்துத் தெரிந்தால் என்ன குறைந்துவிடும்? ஞாயிற்றுக்கிழமை முடியட்டும், திங்களோ செவ்வாயோ நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். இவ்வளவுதான் யோசித்தேன். அது யோசனை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பின் அடிப்பதற்கு முன்பே இரண்டு நாளிதழ்களிலும் அந்தத் தாளை உருவி, மடித்து, மேஜை டிராயரில் பதிவேட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். மிச்சத்துக்குப் பின் அடித்து, முத்திரை குத்தி, மேஜையில் போட்டேன். நாளிதழிலிருந்து தாளை எடுக்கக்கூடாது என்று ஊரையே விரட்டிக்கொண்டிருந்தவள் நான்.

பத்து மணிக்கு ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ் பெரியவர் ஒருவர், “பதினோராம் பக்கம் எங்கம்மா? விளையாட்டையே காணோம்” என்று கத்தினார். பேப்பர்காரர் சரியாகச் சேர்க்கவில்லை போலிருக்கிறது என்றேன். “ரெண்டு பேப்பர்லயுமா?” என்றார். “ரெண்டும் ஒரே ஆள்தானே போடறாரு” என்றேன். இப்படி ஒரு பொய் எனக்கு எங்கிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது என்று தெரியவில்லை.

கல்யாண வேலையில் அக்கா அன்றைக்கு வரமாட்டார் என்று நினைத்தேன். பதினோரு மணிக்கு மூச்சிரைக்க வந்து நின்றார். கையில் வளையல் கடைப் பை. “ஐயருக்குச் சொல்லணும், பந்தல்காரனப் பாக்கணும், தலைக்கு மேல வேல கெடக்குது. ஆனா பாக்காம போனா மனசு கேக்கல கண்ணு” என்றார். உட்காராமல் நின்றபடியே மூன்று பேப்பரையும் விரல் வைத்துப் புரட்டி முடித்தார். பிறகு என்னைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்து, “இன்னிக்கு ஒன்னும் இல்ல. நல்லதாப் போச்சு, நிம்மதியா கல்யாணத்த முடிப்பேன்” என்றார். நானும் சிரித்தேன். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்றே அந்த நிமிஷம் நினைத்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை, விடுமுறை. கோயிலுக்குப் போய் அந்தப் பெண்ணின் கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று அர்ச்சனை செய்தேன். கோயிலிலிருந்து போலீஸ் ஸ்டேஷன் நடக்கிற தூரம்தான். போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் ஜோராக நடந்தது. அக்காவின் அண்ணனும் அண்ணியும் தாரை வார்த்தார்கள். அக்கா பட்டுப்புடவையில், நெற்றி நிறையக் குங்குமத்தோடு, என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பந்தியில் உட்கார வைத்தார். “எங்க லைப்ரரிப் பொண்ணு, நல்லா கவனிங்க” என்று பரிமாறுகிறவர்களிடம் சொன்னார். இரண்டு தரம் பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வந்தார். கையில் மஞ்சள் போகவில்லை. லட்டும் அதிரசமும் ஒரு டப்பாவில் எனக்குத் தனியாக வைத்திருந்தார். எப்படிச் சொல்வது என்று ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். டிராயரைத் திறந்து அந்தத் தாள்களை எடுத்து வைத்து, “அக்கா, இது போன வாரத்துப் பேப்பர். அன்னிக்கு நாம ரெண்டு பேருமே கவனிக்கல. நேத்து பழசக் கட்டும்போதுதான் பாத்தேன்” என்றேன். உண்மையைச் சொல்லத்தான் நினைத்திருந்தேன், வாயில் வந்தது இது. அக்கா உட்கார்ந்தார். விரல் அந்த நாலு வரியிலும் போனது, தழும்பு என்ற இடத்தில் நின்றது. நான் அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தாளை முழுசாக விரித்து, நடு மடிப்பை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தார். இரண்டாவது தாளையும் அப்படியே தடவினார்.

“இதுல பின்னு குத்துன ஓட்டையே இல்லியே” என்றார்.

பழைய கட்டு எத்தனை அவிழ்த்துக் கட்டியவர் அவர்! எங்கள் நூலகத்துப் பேப்பர் எப்படி இருக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர். என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாக, “நான் வர்றதுக்கு முன்னாடியே எடுத்துட்டீங்களா மேடம்?” என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். காரணமெல்லாம் சொன்னேன், அழுதுகொண்டே சொன்னேன். அக்கா “ஸ்டேஷன் எந்தப் பக்கம்?” என்று மட்டும் கேட்டார். ஆட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் தாள்களை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடியே வந்தார்.

ஸ்டேஷனில் ஏட்டு நல்ல மனிதர். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகச் சொன்னார். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள், யாரும் வரவில்லை, சடலம் ஏற்கெனவே தண்ணீரில் ஊறியிருந்ததால் அதிக நாள் வைக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சுடுகாட்டில் ஒரு ஓரமாக அடக்கம் செய்துவிட்டார்கள். “ஞாயித்துக்கெழம காலையில வந்திருந்தாக்கூட ஆளையே பாத்திருக்கலாமேம்மா” என்றார். அவருக்கு என்ன தெரியும்?

செல்போனில் இருந்த படத்தைக் காட்டினார். முகம் மட்டும்தான். ஊதிப்போன முகம். தழும்பு இருந்தது. ஆனால் அது மாடு முட்டியதா, வேறெதிலோ இடித்துக்கொண்டதா என்று சொல்ல முடியாத மாதிரி இருந்தது. அக்கா போனைக் கையில் வாங்கி, கிட்டே வைத்தும் தள்ளி வைத்தும் பார்த்தார். “இருக்கற மாதிரியும் இருக்குது, இல்லாத மாதிரியும் இருக்குது” என்றார். பிறகு, “காலு தெரியற படம் இருக்குதுங்களா சார்?” என்று கேட்டார்.

“காலை எதுக்கும்மா எடுக்கப் போறோம்?” என்றார் ஏட்டு.

அக்கா அப்போதுதான் அழுதார். சத்தம் போட்டு அழவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, “காலு மட்டும் பாத்திருந்தா போதும். ஒரே ஒரு தபா பாத்திருந்தா போதும்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது ஏட்டுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்த அறையில் எனக்கு மட்டும்தான் புரிந்தது.

தோண்டிப் பார்க்க வழி உண்டு என்றார் ஏட்டு. மனு கொடுக்க வேண்டும், தாசில்தார் வர வேண்டும், பெற்ற பிள்ளையின் ரத்தத்தை எடுத்து ஒத்துப் பார்க்க வேண்டும். நான் துள்ளிக்கொண்டு எழுந்தேன். மனு நானே எழுதுகிறேன், வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸுக்கு நானே கூட வருகிறேன், திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் கையிலேயே கொடுப்போம் என்றேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பொண்ணு ரத்தம் குடுக்கணும்னா அவங்க வூட்ல சொல்லணும். சொன்னா இன்னா கேப்பாங்க? அப்பன் செத்து ஆஸ்பத்திரியில கெடக்கும்போதா தாலி கட்ட வெச்சீங்கன்னு கேப்பாங்க. வேணாங்க மேடம்” என்றார். கல்யாணம் நிற்கக்கூடாது என்று நான் செய்த காரியம், கல்யாணம் முடிந்தபிறகு அவர் வாயையும் கட்டிப்போட்டுவிட்டது. எல்லாத் தரப்பையும் யோசித்தேன் என்று நினைத்தவள் இதை யோசிக்கவில்லை.

யாரும் கேட்டு வராத சடலத்தை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று வியாழக்கிழமையே தெரிந்துகொண்டிருக்கலாம். எங்கள் கம்ப்யூட்டரில் தேடிப் பார்க்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். அதுவும் இலவசம்தான். அக்காவின் அண்ணனிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கலாம். அவர் போய்ப் பார்த்திருப்பார். நானே போய், “நாலு நாள் வைங்க, ஆள் வருவாங்க” என்று சொல்லியிருக்கலாம். இதெல்லாம் எனக்குப் பிறகு வந்த புத்தி. தகவலைத் தேடி வருகிறவருக்குத் தகவலைக் கொடுப்பது மட்டும்தான் என் வேலை. அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார் என்பது அவர் பாடு. பரீட்சைக்கு அதைத்தான் படித்தேன், நல்ல மார்க்கும் வாங்கினேன்.

அதற்கப்புறம் அக்கா வரமாட்டார் என்று நினைத்தேன். வந்துவிடக்கூடாது என்றுகூட வேண்டிக்கொண்டேன், அவ்வளவு கோழை நான். பத்துப் பன்னிரண்டு நாள் வரவில்லை. பிறகு ஒரு காலை, பதினோரு மணிக்கு அல்ல, நான் பூட்டைத் திறக்கும்போதே மாடிப்படியில் நின்றிருந்தார். நெற்றியில் சின்னதாகப் பொட்டு இருந்தது. நான் பார்ப்பதைக் கவனித்து, “தெனமும் கண்ணாடி முன்னாடி நிக்கறேன் மேடம். வெக்கறதா வேணாமானு தெரியல. வெச்சாலும் தப்பா இருக்குது, வெக்காட்டியும் தப்பா இருக்குது” என்றார். “என்னை மன்னிச்சிடுங்கக்கா” என்றேன். “நீங்க இன்னா கெட்டதுக்கா பண்ணீங்க?” என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். காறித் துப்பியிருந்தாலும் துடைத்துக்கொண்டிருப்பேன். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது. நடுவில் கொரோனா வந்து நூலகத்தையே பூட்டிப்போட்டோம். பேப்பர் மேஜையில் இருந்த பெரியவர்கள் சிலர் திரும்ப வரவில்லை, வந்தவர்களும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தாளைப் பிரிக்க இப்போது ஆளே இல்லை, ஆனாலும் பின் அடிப்பதை நான் விடவில்லை. அக்கா லாட்ஜ் வேலையை விட்டு ஆசிரமத்துப் பக்கம் வாடகை வீடுகளில் வேலை பார்க்கிறார். மகளுக்கு இரண்டு குழந்தைகள், நன்றாக இருக்கிறாள். அப்பா சாமியாராக எங்கோ இருக்கிறார் என்றுதான் அந்த வீட்டில் இன்னமும் பேச்சு. இடமாற்றம் இரண்டு தரம் வந்தது. பதவி உயர்வோடு வந்ததைக்கூட வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன். ஏன் என்று வீட்டில் கேட்டதற்குச் சரியான பதில் சொல்லவில்லை.

ஏரியில் கிடந்தவர் அவர் வீட்டுக்காரரா இல்லையா என்று தெரியாததால் அக்கா தேடுவதை நிறுத்த முடியாது. நான் திறக்கும் நேரத்துக்குத்தான் இப்போதெல்லாம் வருகிறார். வேலைக்குப் போகும் வழியாம். அவர் கண்ணெதிரே பேப்பர் கட்டைப் பிரிக்கிறேன், அவர் கண்ணெதிரே விரிக்கிறேன், பின் அடிக்கிறேன், முத்திரை குத்துகிறேன். எனக்கு முன்னால் அவர் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சு கம்மி. மழை பெய்யுமா, மகள் வந்தாளா என்று இரண்டு வார்த்தை.

இன்றைக்கும் வந்தார். முதல் பேப்பரை நீட்டினேன். வாங்கி மேஜையில் வைத்து, விரலை நாக்கில் தொட்டு, ஒவ்வொரு தாளின் மூலையிலும் இருக்கும் எண்ணைப் பார்த்துக்கொண்டே கடைசிப் பக்கம்வரை போனார். அடுத்ததையும் அப்படியே எண்ணினார். மூன்றாவதையும் எண்ணினார்.

“மூணுலயும் பதினாறு இருக்குதுங்க மேடம். சரியா இருக்குது” என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படிக்க உட்கார்ந்தார்.